மருத்துவ ஆராய்ச்சியை வாசிக்க ஆறு கேள்விகள்

(இயந்திரவியல் பிரிவு, இரண்டாம் ஆண்டு)



"லேத்தும் ஃபிட்டிங்கும் படிக்கிறவனுக்கு மருத்துவக் கட்டுரை எதுக்குப்பா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நம்மில் பாதிப் பேருக்கு மேல், வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். என் அம்மை அண்டி ஆபீஸில் முந்திரி உடைக்கிறாள். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறார். தக்கலை அரசு மருத்துவமனையில் கொடுக்கிற சீட்டானாலும், ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியில் எடுத்த ரிப்போர்ட்டானாலும், திருவனந்தபுரத்திலிருந்து வந்த ஸ்கேனானாலும் கடைசியில் அது வந்து சேரும் இடம் நம் கைதான். "லே மக்கா, நீ படிச்சவனாக்கும், இதுல என்ன போட்டிருக்குன்னு பாரு" என்று பக்கத்து வீட்டிலிருந்தும் வருவார்கள்.

சீட்டு மட்டும் என்றால் பரவாயில்லை. இப்போது வாட்ஸ்அப்பில் நாள்தோறும் ஒரு "ஆராய்ச்சி முடிவு" வருகிறது. இந்த இலை சர்க்கரையை அடியோடு போக்கும், அந்தப் பொடி புற்றுநோயைக் கரைக்கும், இந்த மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று ஆளாளுக்கு அனுப்புகிறார்கள். எங்கள் தெருவில் ஒரு மாமா இப்படி ஒரு பொடியை நம்பி எட்டு மாதம் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார். காலில் புண் வந்து, கடைசியில் இரண்டு விரலை எடுக்கும்படி ஆயிற்று. அந்தப் பொடி டப்பாவில் "ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது" என்றுதான் அச்சடித்திருந்தது.

நாம் டாக்டர் அல்ல, ஆகவும் வேண்டாம். ஆனால் ஒரு ஆராய்ச்சியை எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்பது நாம் ஒர்க்‌ஷாப்பில் கற்கிற பாடத்துக்கு ரொம்ப தூரமில்லை. நம் மாவட்டத்திலும் அக்கம்பக்கத்திலும் நடந்த உண்மையான ஆராய்ச்சிகளை எடுத்துக்கொண்டு, ஆறு கேள்விகளாக இதைப் பார்ப்போம்.

1. எதோடு ஒப்பிட்டார்கள்?

மெட்டீரியல் டெஸ்டிங் லேபில் ஒரு இரும்புத் துண்டைச் சூடாக்கித் தண்ணீரில் முக்கி, "இது கடினமாகிவிட்டது" என்று சொன்னால் சார் விடுவாரா? "சூடாக்காத துண்டு எங்கே? அதன் ஹார்ட்னஸ் எவ்வளவு?" என்றுதான் முதலில் கேட்பார். அந்த இரண்டு துண்டும் ஒரே கம்பியிலிருந்து வெட்டியதாகவும் இருக்க வேண்டும். மருத்துவ ஆராய்ச்சியின் அஸ்திவாரமும் இதுவே.

இதற்கு உலகமே எடுத்துக்காட்டும் ஆராய்ச்சி நம் தமிழ்நாட்டில் நடந்தது. 1956-ல் சென்னையில் காசநோய் சிகிச்சை ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், அன்றைய சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து இதை ஆரம்பித்தன. நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்ததும் அதே 1956-ல்தான்! அந்தக் காலத்தில் டி.பி. வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வைக்க வேண்டும், நல்ல காற்றும் நல்ல சாப்பாடும் பூரண ஓய்வும் இல்லாமல் நோய் தீராது என்பது எல்லாருடைய நம்பிக்கை. ஆனால் நோயாளிகள் இருந்ததோ லட்சக்கணக்கில். அத்தனை பேருக்குக் கட்டிலுக்கு எங்கே போவது?

வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் தலைமையில் ஏறத்தாழ 190 ஏழை நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேரைச் சானடோரியத்திலும், மீதிப் பேரைச் சென்னையின் நெருக்கடியான குடியிருப்புகளில் அவரவர் வீட்டிலும் வைத்து, இரு சாராருக்கும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். யார் எங்கே என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். குலுக்கல் ஏன்? டாக்டரே தேர்ந்தெடுத்தால், நோய் முற்றியவர்களை ஆஸ்பத்திரிக்கும் லேசானவர்களை வீட்டுக்கும் அனுப்பிவிடுவார். அப்புறம் ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை. இரண்டு துண்டும் ஒரே கம்பியிலிருந்து வரவேண்டும் என்று சொன்னேனே, அதைச் செய்வதுதான் குலுக்கல்.

1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்கள் சாப்பிட்டது குறைவு, ஓய்வும் குறைவு. ஆனாலும் அவர்கள் குணமான அளவு சானடோரியத்தில் இருந்தவர்களை ஒட்டியே இருந்தது! இன்னொன்று, அந்தக் குடும்பங்களை ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்ததில், நோயாளியை வீட்டில் வைத்துச் சிகிச்சை கொடுத்ததால் மற்றவர்களுக்குக் கூடுதலாக நோய் தொற்றவில்லை. தொற்ற வேண்டியது சிகிச்சை தொடங்கும் முன்பே பெரும்பாலும் தொற்றிவிடுகிறது. மருந்து உள்ளே போனதும் பரவுவது வேகமாகக் குறைந்துவிடுகிறது. உலகம் முழுதும் காசநோயாளிகளை வீட்டிலிருந்தே குணப்படுத்தும் முறை வந்ததற்கு இந்தச் சென்னை ஆராய்ச்சி பெரிய காரணம். அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், இன்றும் நம் ஊரில் டி.பி. என்று தெரிந்தால் தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்கிற வீடு உண்டு. ரப்பர் வெட்டுகிற ஒரு அண்ணன், மருந்து சாப்பிடத் தொடங்கிப் பல மாதம் ஆன பிறகும் திண்ணையிலேயே சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். டி.பி. தட்டில் பரவுவதில்லை, இருமலில் காற்று வழியாகப் பரவுவது. ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறவரைத் திண்ணைக்கு அனுப்ப வேண்டியதில்லை என்பதற்கான சாட்சி கிடைத்து அறுபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தச் செய்திதான் இன்னும் திண்ணை வரை வந்து சேரவில்லை!

காசநோயில் புதிய முடிவு ஒன்றும் உண்டு. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்ட் மாநிலத்தில் 'ரேஷன்ஸ்' என்ற ஆராய்ச்சி நடந்தது. சென்னை நிறுவனமும் இதில் பங்கெடுத்தது. 2,800 நோயாளிகளின் வீடுகளில் இருந்த 10,345 பேரைக் கவனித்தார்கள். எல்லா நோயாளிகளுக்கும் மாதாமாதம் உணவுப் பொருள் கொடுத்தார்கள். ஒரு பகுதி வீடுகளில் மட்டும் குடும்பத்தாருக்கும் சேர்த்து அரிசி, பருப்பு, சத்து மாத்திரை எல்லாம் கொடுத்தார்கள். 2023-ல் வெளியான முடிவு என்ன தெரியுமா? உணவு கிடைத்த குடும்பங்களில் புதிதாக டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்தது. பிறருக்குப் பரவக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது.

சென்னை முடிவுக்கும் இதற்கும் முரண்பாடு இருக்கிறதே என்று தோன்றலாம். இல்லை. நோயைத் தீர்ப்பது மருந்து. நோய் வராமல் தடுக்கிற பலம் சாப்பாட்டில் இருக்கிறது. மெலிந்து போன நோயாளிகளில் முதல் இரண்டு மாதத்தில் எடை கூடியவர்கள் இறப்பது வெகுவாகக் குறைந்ததையும் இதே ஆராய்ச்சி காட்டியது. தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' இந்த வழியில்தான் போகிறது. நோய் கண்டுபிடித்த அன்றே எடை, மூச்சு, ஆக்சிஜன், கால் வீக்கம், எழுந்து நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்த்து, ஆபத்தில் உள்ளவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். மத்திய அரசு நோயாளியின் உணவுக்காகக் கொடுக்கும் மாதத் தொகை 2024 நவம்பர் முதல் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. நம் தெருவில் யாருக்காவது நோய் இருந்தால், அந்தத் தொகைக்கு வங்கிக் கணக்கு விவரம் கொடுத்திருக்கிறார்களா என்று கேட்பதே ஒரு நல்ல காரியம்.

2. எல்லாரும் நம்புகிறார்கள் என்பது சாட்சியா?

தக்கலையிலிருந்து பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் நெய்யூர். அங்குள்ள மிஷன் ஆஸ்பத்திரி 1838-ல் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே தொடங்கியது. நம் பாட்டாமாருக்கெல்லாம் அங்கே இருந்த சாமர்வெல் டாக்டரின் பெயர் தெரியும். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப்போன குழுக்களில் இருந்தவர் டி. ஹோவர்ட் சாமர்வெல். 1924-ல் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் ஏறத்தாழ 28,000 அடி வரை போனவர். அப்படிப்பட்ட மனிதர் லண்டனில் பெரிய சர்ஜனாகப் போவதை விட்டுவிட்டு நெய்யூரில் வந்து தங்கினார்.

அவர் இங்கே கண்டு வியந்தது, தெற்குத் திருவிதாங்கூரில் குடற்புண் அவ்வளவு அதிகமாக இருந்ததை. வயிற்று வலியோடு வந்தவர்களுக்கு ஆயிரக்கணக்கில் ஆபரேஷன் செய்து, அந்த அனுபவத்தை 1930-களில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். அப்படியானால் நம் நெய்யூர் அந்தக் காலத்திலேயே உலக மருத்துவ இலக்கியத்தில் இடம் பிடித்த ஊர்!

சரி, குடற்புண் ஏன் வருகிறது? மிளகாய், புளி, மரச்சீனிக் கிழங்கு, நேரந்தவறிய சாப்பாடு, மனக்கவலை என்று உலகம் முழுக்க ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எல்லாரும் நம்பினார்கள். 1979-ல் ஆஸ்திரேலியாவில் ராபின் வாரன் என்ற மருத்துவர் இரைப்பைத் திசுவில் வளைந்த கிருமி ஒன்றைப் பார்த்தார். அவரோடு சேர்ந்த பேரி மார்ஷல் 1982-ல் அதை ஆய்வகத்தில் வளர்த்தார். அமிலம் நிறைந்த வயிற்றில் கிருமி எப்படி உயிர் வாழும் என்று பலரும் சிரித்தார்கள். மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார்!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடித்துக் காட்டியது துணிச்சல்தான், ஆனால் அது ஒரே ஒரு ஆள். உண்மையில் உலகத்தை நம்ப வைத்தது, அதற்குப் பின் நடந்த ஒப்பீட்டு ஆராய்ச்சிகள். கிருமியை ஆன்டிபயாடிக் கொடுத்து ஒழித்தவர்களுக்குப் புண் திரும்ப வருவது மிகவும் குறைந்தது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு, நிறுத்தியதும் திரும்பத் திரும்ப வந்தது. அந்தக் கிருமிதான் ஹெலிகோபாக்டர் பைலோரி. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு காலத்தில் வயிற்றைத் திறந்து செய்த வைத்தியம் இன்று பெரும்பாலும் இரண்டு வாரக் குளிகையில் முடிகிறது.

ஆகவே வருஷக்கணக்கில் நெஞ்செரிச்சல் மாத்திரையைக் கடையில் சும்மா வாங்கி விழுங்குகிறவர் நம் வீட்டில் இருந்தால், "ஒருதரம் டாக்டரிடம் காட்டிக் கிருமி டெஸ்ட் எடுங்க" என்று சொல்ல வேண்டும். மூட்டு வலிக்கு அடிக்கடி வாங்கும் வலி மாத்திரையும் புண்ணுக்கு இன்னொரு பெரிய காரணம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

3. நூறு பேரில் எத்தனை பேர்?

"50 சதவீதம் குறைந்தது" என்று படித்தால் மயங்கிவிடக் கூடாது. ஆயிரத்தில் இரண்டு பேருக்கு வருவது ஒருவருக்கு என்று குறைந்தாலும் 50 சதவீதம்தான். நூறில் நாற்பது, இருபதானாலும் 50 சதவீதம்தான். இரண்டும் ஒன்றா? மொத்தம் தெரியாத சதவீதம், ஸ்கேல் போடாத டிராயிங் மாதிரி.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய 'இந்திய நீரிழிவுத் தடுப்பு' ஆராய்ச்சியை எடுத்துக்கொள்வோம். முடிவு வெளியானது 2006-ல். சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்குச் சாதாரண அறிவுரை மட்டும். இரண்டாவது குழுவுக்கு நடை, உணவு மாற்றம். மூன்றாவது குழுவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காவது குழுவுக்கு இரண்டும். சுமார் மூன்றாண்டில் சர்க்கரை நோய் வந்தவர்கள்: முதல் குழுவில் 100-க்கு 55 பேர், நடை மற்றும் உணவுக் குழுவில் 39.3, மாத்திரைக் குழுவில் 40.5, இரண்டும் செய்த குழுவில் 39.5.

நாமே கணக்குப் போடலாம். 55-லிருந்து 39.3 போனால் 15.7. இதை 55-ஆல் வகுத்தால் 28.5 சதவீதம். "28.5 சதவீதம் குறைந்தது" என்று தலைப்பில் வரும் எண் இதுதான். ஆனால் எனக்குப் பிடித்த எண் வேறு. 100-ஐ 15.7-ஆல் வகுத்தால் சுமார் 6.4. அதாவது ஆறேழு பேர் ஒழுங்காக நடந்து, சாப்பாட்டை மாற்றினால், மூன்றாண்டில் அவர்களில் ஒருவர் சர்க்கரை நோயிலிருந்து தப்புகிறார். அதற்கு ஆகிற செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. தினமும் அரை மணி நேரம் வேகநடை, வெள்ளைச் சர்க்கரையும் தீட்டிய மாவும் குறைவு, நார்ச்சத்து கூடுதல். மாத்திரை செய்த அதே வேலையை நடையும் செய்திருக்கிறது!

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். நடந்தவர்களிலும் 100-க்கு 39 பேருக்கு நோய் வந்திருக்கிறது. எனவே "நடந்தால் சர்க்கரை வரவே வராது" என்பதும் பொய். இந்த ஆராய்ச்சி நோய் வராதவர்களுக்கானது. நோய் வந்துவிட்டவர் நடையை மட்டும் நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது.

இதே குழுவினர் 2013-ல் வெளியிட்ட இன்னொரு ஆராய்ச்சி நம் தலைமுறைக்கு ஏற்றது. வாசலில் நின்ற 537 ஆண்களில் ஒரு பாதிக்கு மட்டும் அடிக்கடி செல்போனில் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். "நடங்க, எண்ணெயைக் குறைங்க" என்பது போலத்தான். இரண்டாண்டில் செய்தி வராதவர்களில் 100-க்கு 27 பேருக்கு நோய், செய்தி வந்தவர்களில் 18 பேருக்கு. பொய்ச் செய்தி அனுப்பும் அதே போனில் உண்மைச் செய்தி அனுப்பினால் என்ன நடக்கும் என்பதற்கு இது அத்தாட்சி. 2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி, வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி. நம் அப்பாமார், அம்மைமார் இந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீடு தேடியே வருகிறது. வேலைக்குப் போவதால் ஆஸ்பத்திரிக்கு நேரமில்லை என்பவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

4. புதியது, விலை கூடியது என்றால் நல்லதா?

வயலில் வேலை செய்கிறவர்களுக்கு நெல் தாளோ ஓலையோ கண்ணில் கீறிப் பூஞ்சைப் புண் வருவதுண்டு. இதற்கு நேட்டமைசின் என்ற பழைய சொட்டு மருந்து இருந்தது. வோரிகோனசோல் என்று புதிய மருந்து வந்தது. புதியது இன்னும் ஆழமாக ஊடுருவும், ஆகவே நன்றாக வேலை செய்யும் என்று எதிர்பார்த்தார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து 323 நோயாளிகளில் இரண்டையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்டார்கள். 2013-ல் முடிவு வந்தது. ஜெயித்தது பழைய நேட்டமைசின்! பார்வை நன்றாகத் திரும்பியதும், கருவிழி ஓட்டையாவது குறைந்ததும் அதில்தான்.

பழைய வெர்னியர் சரியாக இருக்கும்போது, டிஜிட்டல் என்பதற்காக மட்டும் புதியதை நம்ப முடியுமா? சோதித்துத்தானே எடுக்கிறோம். அதுபோலத்தான் மருந்தும். கூடவே ஒரு எச்சரிக்கை. கண்ணில் அடிபட்டால் தாய்ப்பால், இலைச்சாறு விடுவதும், கடையில் கேட்டு ஏதாவது சொட்டு மருந்து விடுவதும் வேண்டாம். பூஞ்சைப் புண்ணில் ஸ்டீராய்டு சொட்டு மருந்து போனால் கண்ணே போகலாம். அன்றைக்கே கண் டாக்டரிடம் போவதுதான் வழி.

5. யாருக்குப் பலன்?

ஒரு சோதனை எல்லாருக்கும் ஒரே பலனைத் தராது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம், நம் மாவட்டத்தார் அதிகம் போகிற இடம். அவர்கள் 1996-ல் தொடங்கி, திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளில் 35 வயதுக்கு மேற்பட்ட 1,90,000-க்கும் அதிகமானவர்களைக் கவனித்தார்கள். 7 பஞ்சாயத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். 6 பஞ்சாயத்தில் வழக்கம்போல விட்டார்கள். பெரிய மெஷின் ஒன்றுமில்லை, வெளிச்சமும் பயிற்சி பெற்ற கண்ணும்தான்.

2005-ல் வந்த முடிவின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களில் வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்தது. பழக்கமே இல்லாதவர்களில் அப்படிப் பலன் தெரியவில்லை. எனவே யாருக்குப் பார்க்க வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது. வெற்றிலையோடு புகையிலை போடும் ஆச்சிக்கும், பான் பாக்கெட் கிழிக்கும் நம் நண்பனுக்கும்தான். வாயில் ஆறாத புண், வெள்ளைத் தழும்பு, சிவப்புத் தழும்பு, வாய் திறக்க முடியாமை, இவற்றில் ஒன்று இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் காட்டியே ஆக வேண்டும்.

பெண்களுக்கும் இதுபோல ஒன்று, திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்தது. 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்சுகள் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்தார்கள். நம் வீட்டு வினிகரில் இருப்பது அதே அமிலம்தான். மாற்றம் உள்ள இடம் வெள்ளையாகும். 49,311 பெண்கள் ஒரு பக்கம், 30,958 பெண்கள் மறுபக்கம். 2007-ல் வெளியான முடிவு: கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன. இந்தச் சோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம். "எனக்கு ஒண்ணும் இல்லையே, எதுக்கு?" என்று அம்மை சொல்லுவாள். ஒன்றும் இல்லாதபோது பார்ப்பதற்குத்தான் இந்தச் சோதனை என்று சொல்ல வேண்டியவர்கள் நாம். மகனுக்குக் கூச்சமாக இருந்தால் அக்காளையோ அத்தையையோ சொல்ல வையுங்கள்!

6. நம் ஊருக்குப் பொருந்துமா?

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதும், அதில் தோரியம் இருப்பதும், அதனால் அங்கே இயற்கைக் கதிர்வீச்சு கூடுதல் என்பதும் நாம் அறிந்ததே. நம் கடற்கரையில் புற்றுநோய் என்ற பேச்சு வந்தாலே மணலைக் காட்டுவார்கள். கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரையிலும் இதே மாதிரி மணல். திருவனந்தபுரம் மையத்தார் அங்கே ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2009-ல் எழுதினார்கள். இயற்கைக் கதிர்வீச்சு கூடிய இடத்தில் வாழ்ந்ததால் புற்றுநோய் கூடியதாக அந்த ஆராய்ச்சியில் தெரியவில்லை.

இதைக் கேட்டதும் "அப்ப மணலால ஒரு ஆபத்தும் இல்லை" என்று ஒருவர் சொல்லுவார். "அது பொய் ஆராய்ச்சி" என்று இன்னொருவர் சொல்லுவார். இரண்டுமே அவசரம். அந்த ஆராய்ச்சி கேட்ட கேள்வி, மணல் தன் இடத்தில் கிடக்க, அதன்மேல் வாழ்கிறவர்களுக்குப் புற்றுநோய் கூடுகிறதா என்பது. மணலைத் தோண்டிப் பிரிக்கிற வேலையாளின் நிலை என்ன, தோண்டினால் கடலரிப்பும் நிலத்தடி நீரும் என்னாகும் என்பவை வேறு கேள்விகள். ஒரு கேள்விக்கு வந்த விடையை எடுத்து இன்னொரு கேள்விக்கு ஒட்டக் கூடாது. மைல்டு ஸ்டீலுக்குப் போட்ட டெஸ்ட் ரிசல்ட்டைக் காஸ்ட் அயர்னுக்கு எழுதினால் லேபில் என்ன மார்க் கிடைக்கும் என்பது உங்களுக்கே தெரியும். கருநாகப்பள்ளியில் அத்தனை ஆயிரம் வீடு ஏறிக் கணக்கெடுத்தது போல நம் கரையிலும் எடுங்கள் என்று கேட்பதே அறிவுள்ள கோரிக்கை.

நாம் செய்யக் கூடியது

இந்த ஆறு கேள்விகளையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளலாம். எதோடு ஒப்பிட்டார்கள்? எல்லாரும் நம்புவதைத் தவிர வேறு சாட்சி உண்டா? நூறு பேரில் எத்தனை பேர்? புதியதைப் பழையதோடு சோதித்தார்களா? யாருக்குப் பலன்? நம் ஊருக்கு, நம் கேள்விக்குப் பொருந்துமா? வாட்ஸ்அப்பில் வரும் அதிசய மருந்துகளில் பெரும்பாலானவை முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். "ஆயிரம் பேர் குணமானார்கள்" என்று இருக்கும். சாப்பிடாத ஆயிரம் பேர் என்னவானார்கள் என்று ஒரு வரி இருக்காது.

அதே சமயம், எதையும் நம்பாமல் இருப்பதும் புத்திசாலித்தனம் இல்லை. மேலே சொன்ன ஆராய்ச்சிகளில் தங்கள் உடம்பைக் கொடுத்து ஒத்துழைத்தவர்கள் யார்? சென்னைக் குடிசையில் இருந்த டி.பி. நோயாளி, ஜார்க்கண்ட் கிராமத்துக் குடும்பம், திண்டுக்கல் பஞ்சாயத்துப் பெண், மதுரைக்குக் கண்ணைப் பொத்திக்கொண்டு வந்த விவசாயி. எல்லாரும் நம் வீட்டு ஆட்களைப் போன்றவர்கள்தான். அவர்களால் கிடைத்த அறிவு நம் வீட்டுத் திண்ணைக்கும் அடுக்களைக்கும் வந்து சேர வேண்டாமா? அதைக் கொண்டு சேர்க்க நாகர்கோவிலிலிருந்தும் சென்னையிலிருந்தும் யாரும் வரப்போவதில்லை. சீட்டை வாசிக்கத் தெரிந்த நாம்தான் சேர்க்க வேண்டும்.

இந்த ஆண்டு நம் மாணவர் பேரவைக்கு என் பணிவான யோசனை ஒன்று. ஆண்டு விழாவுக்கு நம் பெற்றோர் வரும் நாளில் சுகாதாரத் துறையாரை அழைத்து, சர்க்கரை, பிரஷர், வாய்ப் பரிசோதனைக்கு ஒரு முகாம் வைப்போம். அம்மைமார் வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்கள். பிள்ளைகள் பரிசு வாங்குவதைப் பார்க்கக் கட்டாயம் வருவார்கள். வந்த இடத்தில் ஒரு துளி ரத்தம், ஒரு நிமிஷம் வாயைத் திறப்பது, அவ்வளவுதான். வரிசையை ஒழுங்குபடுத்தவும், அவர்கள் கொடுக்கும் சீட்டை வாசித்துச் சொல்லவும் இயந்திரவியல் பிரிவு தயார். மற்றப் பிரிவு நண்பர்களே, நீங்களும் வருவீர்கள் அல்லவா?

கேட்டு வாசிப்போம்! வாசித்ததை வீட்டில் சொல்வோம்!